இராவணன் வெட்டிலிருந்து கை அசைத்தவர்கள்

இரண்டு வருடங்களாக இதை எழுத நினைத்து, ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். கயாக்கில், அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகில், கடலுக்குப் போய் நாங்கள் மாட்டிக்கொண்டதைச் சொன்னால் கேட்பவர்கள் முடிவில் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "கடைசியில் பத்திரமாக வந்துவிட்டீர்கள்தானே." வந்துவிட்டோம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையோடு கதை முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்திரமாக வந்ததற்கு நாங்கள் செய்தவற்றில் எது காரணம் என்று யோசித்தால், உறுதியாகச் சொல்லக்கூடியதாக ஒன்றும் தேறவில்லை. காற்று ஒரு கால் மணி நேரம் ஓய்ந்தது, அவ்வளவுதான். அது ஓயாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, திருகோணமலையில் சுவாமி மலையின் கீழே கடலை நோக்கியபடி பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து கிழக்கே போனால் அந்தமான் நிக்கோபார் தீவுகள் வரை, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு, கால் வைக்க ஒரு மணல் திட்டுக்கூடக் கிடையாது.

டச்சுக்குடாக் கடற்கரையிலிருந்து பவுல் பொயின்ற் வெளிச்சவீடு நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். கொட்டியாரக் குடாவின் வாயைக் குறுக்கே கடந்து போகும் பாதை அது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் மறுகரை கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பதையும், அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கடலின் விளிம்பு 3 கிலோமீற்றரில் முடிந்துவிடும் என்பதையும், அதற்கு வெகு அப்பால் இருக்கும் தாழ்வான சிறு படகு எங்களுக்குத் தெரியாது, நாங்களும் அதற்குத் தெரியமாட்டோம் என்பதையும் அப்போது நான் புத்தக அறிவாக மட்டுமே வைத்திருந்தேன்.

ஆடி மாதம். நான், என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பர், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் மகன் ஆகிய மூவரும் போவதென்று முடிவாகியிருந்தது. கடற்படைக்கு அறிவித்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பாதையில் நிற்கமாட்டோம் என்று சொல்லி அனுமதி பெற்றிருந்தோம். எனக்கும் நண்பருக்கும் நீண்ட, மேல்தளம் மூடிய கடல் கயாக்குகள் இருந்தன. முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் கொண்டவை அவை. கவிழ்ந்தாலும் அமிழாமல் மிதக்கும். மருமகனுக்கு நண்பரின் வீட்டில் கிடந்த, மேலே உட்கார்ந்து ஓட்டும் அகன்ற கயாக். அது கரையோரத்தில் பிள்ளைகள் விளையாடுவதற்கு ஏற்றது. நீந்தத் தெரிந்த, உடல் வலிமையுள்ள இளைஞனுக்கு அது போதும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். நினைத்தோம் என்று பன்மையில் எழுதுகிறேன். அக்காவிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவன் நான் மட்டும்தான்.

கரையில் கேட்ட கேள்வி

காலை ஆறு மணிக்கு டச்சுக்குடாவில் அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. "மாமா, குளம் மாதிரிக் கிடக்குது" என்றான் மருமகன். அங்கே வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த வயதான ஒருவர் எங்களையும், எங்கள் படகுகளையும், பிறகு எங்களுக்குப் பின்னால் நகரத்தின் பக்கம் இருந்த மரங்களையும் பார்த்தார். மரங்களின் உச்சிகள் கடலை நோக்கி மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். "போறதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி, கச்சான் கொண்டுபோய் விட்டுடும். திரும்பிக் கொண்டுவாறது ஆர்?" என்றார். நான் சிரித்துவிட்டு, காற்று பலப்பதற்கு முன் திரும்பிவிடுவோம் என்று பதில் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, வலைக்குத் திரும்பினார்.

அந்தக் கேள்வியில் இருந்த கடலறிவு முழுவதையும் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு வாடைக் காலத்தின் கடலைக் கண்டுதான் பயம். மார்கழியில் அலை கரையில் வந்து மோதி முழங்கும். எவரும் கயாக்கை இறக்க மாட்டார்கள், ஆகவே எவருக்கும் ஒன்றும் நேராது. கச்சான் அப்படியானதன்று. அது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வரும் காற்று. அலை உண்டாக வேண்டுமானால் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓட இடம் வேண்டும். தரையிலிருந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த இடம் இல்லை, எனவே கரையில் கடல் அமைதியாகவே இருக்கும். ஒவ்வொரு கிலோமீற்றர் வெளியே போகப் போகத்தான் அதன் பலம் தெரியும். டச்சுக்குடாவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: நகரமும், அதற்குத் தெற்கே துறைமுகத்தை மறைத்து நிற்கும் குன்றுகளும் காற்றைத் தடுத்து வைத்திருக்கின்றன. அந்த மறைவைத் தாண்டியதும் கொட்டியாரக் குடாவின் முழு அகலத்தையும் ஓடிக் கடந்து வந்த காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். கரையில் நின்று கடலைப் பார்த்து அன்றைய நிலையை முடிவு செய்பவர், தான் போகப்போகும் கடலைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெரியவர் கடலைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தது அதனால்தான்.

ஒரு ரூபாய்க் குற்றி அளவு அடைப்பான்

முதல் 3 கிலோமீற்றர் இன்பமாகப் போயிற்று. பிறகு என் கயாக்கின் முனை தானாகவே வலப்பக்கம், காற்று வரும் திசைக்குத் திரும்பத் தொடங்கியது. கயாக்கின் இயல்பு அது: ஓடும்போது முன்பகுதி தண்ணீரில் பிடித்து நிற்கும், பின்பகுதியைக் காற்று தள்ளும். அப்போதே தென்கிழக்கே போக வேண்டிய நாங்கள் தெற்கே முனையை வைத்துத் துடுப்பு வலிக்க வேண்டியிருந்தது. வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிந்தது. சற்று நேரத்தில் எங்கும் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது மருமகன் நூறு மீற்றருக்கு மேல் பின்தங்கியிருந்தான், அவனுடைய படகு தண்ணீரில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, ஒவ்வொரு அலைக்கும் தாமதமாக எழுந்து சோம்பலாக அசைந்தது. நான் அவனை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அது பக்கவாட்டில் சரிந்து கவிழ்ந்தது.

காரணத்தைக் கரைக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அந்த வகைப் படகின் பின்முனையில், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க ஒரு துளை இருக்கும். அதை ஒரு சிறிய பிளாஸ்ரிக் அடைப்பான் மூடியிருக்கும். அதன் அளவு ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான். உள்ளே இருக்க வேண்டிய றப்பர் வளையம் வெயிலில் உலர்ந்து வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. திருகி மூடினால் இறுக்கமாகத்தான் இருந்தது. கையால் தொட்டுப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அலை அதன்மேல் ஏறிய ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை அலை! உள்ளே சேர்ந்த தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். என் கயாக்கில் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர்கள் இருப்பது இதற்காகத்தான். அவனுடையது முனைக்கு முனை ஒரே வெற்றிடம். முதல்நாள் மாலை தண்ணீர்ப் போத்தல்கள், தொப்பி, ஈரம் புகாத பையில் தொலைபேசி என்று எல்லாவற்றையும் சரிபார்த்த நான் அந்த அடைப்பானைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உயிர்காப்பு அங்கியை அவன் இறுகக் கட்டியிருந்தான். அதை நான் வற்புறுத்தியிருந்தேன், அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். தண்ணீர் நிறைந்த படகை நிமிர்த்தி அவனை மீண்டும் ஏற்றுவதற்குப் பதினைந்து நிமிடங்கள் ஆயின. அந்தப் பதினைந்து நிமிடங்களும் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. நடுக்கடலில் நகர்வதைக் காட்ட எதுவும் இருக்காது. கிளம்பும்போது நான் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்த்திருந்தேன்: முன்னால் ஒரு பாறை, அதற்குப் பின்னால் குன்றில் ஒரு கோபுரம். மீண்டும் பார்த்தபோது அவை ஒன்றைவிட்டு ஒன்று வெகுவாக விலகி நின்றன. அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நாங்கள் வெளிக்கடலை நோக்கிப் போயிருந்தோம். வயிற்றில் ஏதோ கீழே இறங்கியதுபோல் இருந்தது. கயாக் கவிழ்ந்தால் எப்படி ஏறுவது என்று அமைதியான தண்ணீரில் பலமுறை பழகியிருந்தோம். ஏறி முடிக்கும்போது எங்கே இருப்போம் என்பதை ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை.

மலையின் கீழே

திரும்பினோம். நண்பர் இழுவைக் கயிற்றை மாட்டி அவனுடைய படகை இழுத்தார். நான் பக்கத்தில் நின்று, அது சாயாமல் பார்த்துக்கொண்டேன். நல்ல நிலையில் மணிக்கு 5 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடிய நாங்கள், ஒரு மணி நேரத்தில் 2 கிலோமீற்றரும் முன்னேறவில்லை. டச்சுக்குடாவை எட்ட முடியாது என்பது விரைவில் தெரிந்துவிட்டது. காற்று வடகிழக்கே தள்ள, நாங்கள் மேற்கே போக முயன்றதில், பாதை சுவாமி மலையின் கிழக்கு முகத்தை நோக்கிச் சரிந்தது. மலையின் மறைவுக்குள் நுழைந்துவிட்டால் தப்பினோம். அதன் முனையைத் தவறவிட்டு வடக்கே போய்விட்டால் அடுத்த கரை மேலும் விலகிப்போகும்.

மலையிலிருந்து முந்நூறு மீற்றர் தூரத்தில் எங்கள் முன்னேற்றம் நின்றுபோயிற்று. தென் ஓரத்தைச் சுற்றிவந்த காற்று அங்கே குவிந்து வீசியது. பாறையில் மோதித் திரும்பிய அலைகளும் வரும் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, திசை இல்லாமல் கூம்பு கூம்பாக எழுந்தன. நண்பரின் வலக்கை நரம்பு பிடித்துக்கொண்டது. நனைந்த உடம்போடு காற்றில் உட்கார்ந்திருந்த மருமகனின் உதடுகள் நடுங்கின. எங்கள் கடல் வெதுவெதுப்பானது என்று சொல்லிக்கொள்கிறோம். 28 பாகை நீரும் 37 பாகை உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்கும், காற்று அதை விரைவுபடுத்தும். மேலே கோணேசர் கோவிலின் மணி அடித்தது. அவ்வளவு அருகில் இருந்தோம். நிமிர்ந்து பார்த்தேன். மலையுச்சியில் இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பாறைப் பிளவின் அருகே, சுற்றுமதிலை ஒட்டி, பத்துப் பதினைந்து பேர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களின் சேலை நிறங்கள்கூடத் தெரிந்தன.

துடுப்பை மடியில் வைத்துவிட்டு, வலக்கையை உயர்த்தி அசைத்தேன். அவர்களில் ஒருவர் கை அசைத்தார். நான் இன்னும் வேகமாக அசைத்தேன். உடனே நான்கைந்து பேர் சேர்ந்து கை அசைத்தார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் கையையும் அசைக்க வைத்தார்கள். சிலர் தொலைபேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள். நான் கத்தியது அலையில் எனக்கே கேட்கவில்லை. துடுப்பை விட்ட அந்தச் சில நொடிகளில் நாங்கள் பின்னால் போய்விட்டதைக் கண்டு மீண்டும் வலிக்கத் தொடங்கினேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கடலில் வண்ணப் படகில் வரும் மூவர் சிரித்தபடி கை அசைப்பதாகத்தான் அவர்கள் கண்டார்கள். எங்கள் நிலைமையைச் சொல்லும் மொழி என்னிடம் இருக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்தி, திரும்பத் திரும்பச் செய்வது கடலில் ஆபத்தைக் குறிக்கும் சர்வதேசச் சைகை என்பதை நான் எங்கோ படித்திருந்தும், அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. உயிர்காப்பு அங்கியில் ஊதுகுழல் இல்லை. ஒளிச்சமிக்ஞை இல்லை. தொலைபேசி, ஈரம் புகாத பையில், கை எட்டாத பின்னறையில் பத்திரமாக இருந்தது.

பிறகு காற்று ஓய்ந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கச்சான் இப்படி மூச்சுவாங்கி மூச்சுவாங்கித்தான் வீசும். அந்த இடைவெளியில் மலையின் அடிவாரத்தை எட்டி, பாறைகளை ஒட்டி வடக்கே சுற்றிப் பின்குடாவுக்குள் வந்து கரை தட்டினோம். அங்கே நின்ற இளைஞர்கள் வந்து படகுகளை இழுத்துவிட்டார்கள். "கச்சானுக்குள்ளால வந்திட்டீங்கள், கெட்டிக்காரர்தான்" என்றார் ஒருவர். அன்று மாலையே நண்பர் எங்கள் படத்தை முகநூலில் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வாழ்த்துகள் வந்தன. அடுத்த வாரம் இருவர் என்னைத் தொடர்புகொண்டு, தாங்களும் அந்தப் பாதையில் போக விரும்புவதாகவும், எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் கேட்டார்கள். அந்த அழைப்புகள்தான் என்னை உலுக்கின. தப்பித்துக்கொண்டதை நாங்கள் சாதனையாக அறிவித்திருந்தோம், அதை நம்பி வேறு பிள்ளைகள் படகை இறக்கத் தயாராக இருந்தார்கள்.

லைம் விரிகுடா

அதன் பிறகுதான் இத்தகைய விபத்துகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், லைம் விரிகுடாவில், பிளிமத் நகரப் பாடசாலை ஒன்றின் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களும் கயாக்கில் கரையோரமாகச் சில கிலோமீற்றர் போகக் கிளம்பினார்கள். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. ஆசிரியர் திரும்பத் திரும்பக் கவிழ, ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் மாணவர்களின் கயாக்குகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளச் செய்து காத்திருந்தார். அந்தக் கூட்டம் அப்படியே கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. வெளியே அலை பெருகி, படகுகளில் தண்ணீர் நிறைந்து, ஒவ்வொருவராகக் குளிர்ந்த நீரில் விழுந்தார்கள். கரையில் எச்சரிக்கை விடுப்பதற்குப் பல மணி நேரம் தாமதமாயிற்று. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சி நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் 1994 இல் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றார். 1995 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இத்தகைய நிலையங்களுக்கு உரிமம் கட்டாயமாகும்படி சட்டம் இயற்றியது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் நிற்பதாக நம்பியபடி, மரண திசையில் போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளும் நாங்களும் செய்தது ஒன்றேதான். தாமதமும் அப்படியே. எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் எத்தனை மணிக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஒருவரிடமும் சொல்லிவைக்கவில்லை. நாங்கள் மலையின் கீழே இருந்த நேரத்தில் என் மனைவி, மூதூர்ப் பக்கம் யாரோ நண்பர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றுவிட்டோம் என்று நினைத்து, வீட்டில் எங்களுக்கு உலை வைக்காமல் இருந்திருக்கிறார். மாலை வரை அவர் தேடியிருக்கமாட்டார்.

தூரம் குறைவென்றால் பாதுகாப்பு என்று நம்புவதையும் அப்போதுதான் கைவிட்டேன். நிலாவெளியிலிருந்து புறாத்தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். உல்லாசப் பயணிகள் அதைக் கயாக்கில் கடக்கலாமா என்று கேட்பதுண்டு. காலையில், காற்று இல்லாதபோது, துணைப்படகோடு கடக்கலாம். கச்சான் எழுந்த பிறகு தீவின் ஓரத்தை ஐம்பது மீற்றரால் தவறவிட்டாலும் அதற்கு அப்பால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இதை எழுதும்போது குறிஞ்சாக்கேணி நினைவுக்கு வராமல் போகாது. 2021 நவம்பர் 23 அன்று, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அது களப்பு. இரு கரையிலும் மனிதர்கள் நின்று பார்க்கக்கூடிய அகலம்தான்.

பங்குனி

இப்போது நான் கடலுக்குப் போகும் முறை மாறிவிட்டது. ஆடி, ஆவணியில் கரையை விட்டு விலகுவதில்லை. மற்ற மாதங்களிலும் முதலில் மரங்களைப் பார்க்கிறேன். கூட்டத்தில் மிகப் பலவீனமான படகு எதுவோ அதற்கு ஏற்ற பயணம்தான் எல்லோருக்கும். புறப்படும் நேரம், திரும்பும் நேரம், அதைத் தாண்டினால் பொலிஸ் அவசர எண்ணான 119 க்கு அழைக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றும் எங்கள் சமையலறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கும். தொலைபேசி அங்கியின் முன்பையில், ஊதுகுழல் தோள்பட்டியில். இவையெல்லாம் சிறியவை, விலை குறைந்தவை. மூன்று உயிருக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அவற்றை மறந்தது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடந்த பங்குனியில், காற்றே இல்லாத ஒரு காலையில், மருமகனும் நானும் ஒன்றைச் சோதித்துப் பார்த்தோம். ஆபத்துச் சைகையைச் சும்மா காட்டக்கூடாது என்பதால் கடற்படைக்கு முன்கூட்டியே சொல்லி, தெரிந்த ஒருவரின் இயந்திரப் படகைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். அவன் மலையின் கீழே கயாக்கில் இருந்தான். நான் இராவணன் வெட்டின் அருகே மதிலோரம் நின்றேன். என் பக்கத்தில் கையில் அருச்சனைத் தட்டுடன் ஓர் அம்மா நின்றிருந்தார். கீழே அவன் ஒரு கையை உயர்த்தி அசைத்தான். அவர் உடனே சிரித்து, தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, அவனுக்குக் கை அசைத்தார். அவன் இரண்டு கைகளையும் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்தினான். "தம்பி ஏதோ உடற்பயிற்சி செய்யுறார் போல" என்றார் அவர். அதன் பிறகு ஊதுகுழல் கேட்டது. பாறையில் பட்டு, மெல்லியதாக, ஆனால் தெளிவாக மேலே வந்தது. நிறுத்தி, மீண்டும் வந்தது. அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டுதோ?" என்று என்னைக் கேட்டார்.